மழையில் நிற்கும் ஆடு, மழைக்கு ஒதுங்கும் ஆடு

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், கம்ப்ரியாவில் இருக்கிறது போரோடேல் பள்ளத்தாக்கு. அதன் மேல்கோடியிலுள்ள சீத்வெயிட் என்ற குக்கிராமம்தான், அந்த நாட்டில் ஆட்கள் குடியிருக்கும் இடங்களிலேயே அதிக மழை பெறுவது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். அந்தப் பள்ளத்தாக்கில் ஆடு வளர்க்கும் ஒரு வயதான தம்பதியின் சிறு பண்ணையில், ஆடுகள் குட்டி ஈனும் ஏப்ரலில் கூடமாட வேலை செய்துகொண்டு தங்கியிருந்தேன்.

செம்மறிகள் அந்தப் பெரியவரின் பொறுப்பு, வெள்ளாடுகள் அந்த அம்மாவின் பொறுப்பு. இரண்டையும் ஒரே கணக்கில் வைக்க முடியாது என்பது போன அன்றே புரிந்துவிட்டது. தீவனக் கொட்டகையில் இரண்டு பீப்பாய்கள். வெள்ளாட்டுத் தீவனத்தில் தாமிரம் சேர்த்திருப்பார்கள், அதன் உடம்புக்கு அது வேண்டும். அதையே செம்மறி தொடர்ந்து தின்றால் தாமிரம் ஈரலில் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் ஆளையே முடித்துவிடும். அள்ளும் குவளைகூடத் தனித்தனி.

மழையிலும் அப்படித்தான். செம்மறிகள் ஹெர்ட்விக் இனம். குட்டி கருப்பாகப் பிறக்கும். வளர வளர முகம் வெளுத்து, உடம்பு சாம்பல் நிறமாகும். சொரசொரப்பான அந்தக் கம்பளியோடு கொட்டும் மழையில் நின்று அசைபோடும். வெள்ளாட்டுக்கு அந்தக் கம்பளியும் இல்லை, அதிலுள்ள எண்ணெய்ப் பசையும் இல்லை. நாலு தூறல் விழுந்தால் கொட்டகை வாசலுக்கு ஓடிவந்து கத்தும். மழை விடாத நாட்களில் தழை ஒடித்துக் கொட்டகைக்கே கொண்டுபோய்க் கட்டித் தொங்கவிடுவோம். குனிந்து புல் மேய்வதைவிட அண்ணாந்து கடிப்பதுதான் அதற்குப் பிடிக்கும்.

விடிந்ததும் முதல் வேலை வயலைச் சுற்றி வருவது. ஒருநாள் ஒரு தாயாடு செத்துப்பிறந்த குட்டியை நக்கிக்கொண்டே நின்றது. இன்னொன்று இரட்டை ஈன்று, இரண்டுக்கும் பால் போதாமல் இருந்தது. அவர் செத்த குட்டியின் தோலை, கால் துளைகள் கிழியாமல் அப்படியே உரித்தெடுத்தார். இரட்டையில் ஒன்றைத் தூக்கிவந்து, பனியன் மாட்டுவதுபோல் அந்தத் தோலை அதற்கு மாட்டினார். தாயும் குட்டியும் மட்டும் நிற்கிற அளவுக்கு ஒரு மூலையைத் தடுத்து உள்ளே விட்டோம். தாய் குட்டியின் வால்பக்கம் மோந்தது, விலகியது, மறுபடி மோந்தது. குட்டி மடியை முட்டி வாயில் பிடித்ததும் அசையாமல் நின்றுகொடுத்தது. ஓரிரு நாளில் அவள் பால் குட்டியின் உடம்பு வழியாகப் போய், வாடையும் அவளுடையதாகிவிடும். பிறகு தோலைக் கழற்றிவிடலாம் என்றார். கத்தியைக் கழுவிக்கொண்டே அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஈன்ற சில மணி நேரத்துக்குள் குட்டி வயிற்றில் சீம்பால் இறங்கியாக வேண்டும். நோய் எதிர்ப்பு அதிலிருந்துதான் வருகிறது. எழுந்திருக்க முடியாத குட்டிக்கு வயிறுவரை குழாய் விட்டு ஊட்டுவார்கள். தொப்புளில் அயோடின், பிறகு காதில் எண் போட்ட தோடு. வீட்டுக்கென்று ஒரே ஓர் ஆடு வைத்திருந்தாலும் அரசிடம் பதிந்தாக வேண்டும்.

சமையலறையில் உருளைக்கிழங்குத் தோலைச் சீவும்போது, எங்கள் ஊரில் இதெல்லாம் கழுநீர்ப் பானைக்குப் போகும், ஆடு மாடுகள் குடித்துவிடும் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். இங்கே சமையலறையைத் தொட்டுவந்த எதையும் ஆட்டுக்குக் கொடுப்பது சட்டப்படி குற்றம் என்றார். காரணம் 2001. நார்தம்பர்லாந்தில் ஒரு பன்றிப் பண்ணையில், சரியாக வேகவைக்காத எச்சில் தீவனத்திலிருந்து கிளம்பியது என்று நம்பப்படும் கோமாரி நோய் நாடு முழுக்கப் பரவி, 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்று போட்டார்கள். எல்லாவற்றையும்விட அதிகம் அடிபட்டது கம்ப்ரியாதான்.

இந்த மலைகளின் உச்சிமேய்ச்சலில் வேலி கிடையாது. ஹெர்ட்விக் தாய் எந்தச் சரிவில் மேய்ந்ததோ அதையே தன் குட்டிக்குப் பழக்கிவிடும், குட்டி அதன் குட்டிக்கு. அதனால்தான் பண்ணை கைமாறும்போது மந்தையையும் சேர்த்தே விட்டுப்போகிற வழக்கம் இங்கே இருக்கிறது. ஒரு மந்தையை அழித்தால் அந்த மலையறிவும் போய்விடும். புதிதாக வாங்கிவிட்ட ஆடுகளை ஆண்டுக்கணக்கில் நாயும் ஆளுமாகத் திருப்பித் திருப்பி ஓட்டிப் பழக்க வேண்டும். இதைச் சொல்லும்போது மட்டும் அந்தப் பெரியவரின் குரல் உயர்ந்தது. கம்பளி விற்ற காசு கத்தரிக்கிற கூலிக்கே காணாது என்பதைக்கூடச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

ஏப்ரல், மே மாதங்களில் அந்தப் பக்கம் நடக்கப் போகிறவர்களுக்கு: நடைபாதைகள் வயல்களுக்குள்ளேயே போகும், நீங்கள் திறந்துகொண்டு போகும் கேட்டை மறுபடி மூடிவிட்டுப் போங்கள். கர்ப்பிணிகள் குட்டி ஈனும் ஆடுகளை நெருங்க வேண்டாம், அவற்றிடமிருந்து தொற்றும் சில கிருமிகள் கருவைக் கலைத்துவிடும். தனியாகப் படுத்திருக்கும் குட்டியைப் பார்த்து இரக்கப்பட்டுத் தூக்கிவிடாதீர்கள், பெரும்பாலும் தாய் பக்கத்தில்தான் மேய்ந்துகொண்டிருக்கும். சந்தேகமாக இருந்தால் அருகிலுள்ள பண்ணை வீட்டுக் கதவைத் தட்டிச் சொன்னால் போதும்.