எட்டு டம்ளர் கணக்கை விட்டுவிட்டேன்

சிறுநீரகத்தில் கல் என்று ஸ்கேனைக் காட்டிவிட்டு டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" என்பதுதான். காலையில் ஒரு டம்ளர், மதியம் ஒன்று, ராத்திரி ஒன்று, அவ்வளவுதான். வேலைக்குக் கொண்டுபோகும் பாட்டில் சாயங்காலம் பாதிக்கு மேல் நிறைந்தபடியே வீடு திரும்பும். முந்தின நாள் இரவு விலாவுக்குக் கீழே பிடித்த வலி அடிவயிறு வரை இறங்கி, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் விடியும்வரை அறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன்.

சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதியை உடம்பே திரும்ப எடுத்துக்கொள்ள, ஒன்று அல்லது இரண்டு லிட்டர்தான் சிறுநீராக வெளியே போகிறது. நாம் குடிப்பது குறைந்தால் மூளையிலிருந்து வாசோபிரெசின் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரந்து, இருக்கும் நீரைப் பிடித்து வைக்கச் சொல்கிறது. சிறுநீர் கெட்டிப்படுகிறது. கரைந்து போகவேண்டிய கால்சியமும் ஆக்சலேட் என்ற கழிவுப்பொருளும் அதில் படிகமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. என் கல் அப்படி வந்ததுதான்.

ஒரு நாள் முழுக்கப் போகும் சிறுநீரை அளவுக்கோடு போட்ட டப்பாவில் பிடித்து அளக்கச் சொன்னார் டாக்டர். முக்கால் லிட்டர்கூடத் தேறவில்லை, அதுவும் அடர் மஞ்சளாக. ஏற்கெனவே கல் வந்தவர்களுக்கு அது இரண்டரை லிட்டராவது இருக்க வேண்டுமாம். குடிப்பதை எண்ணுவதைவிட வெளியே போவதைப் பார்ப்பதுதான் சரி என்று அன்று புரிந்தது. வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். (பி வைட்டமின் மாத்திரை போடுபவர்களுக்கு எப்படியும் பளீர் மஞ்சளாகத்தான் போகும், பயப்பட வேண்டாம்.)

எல்லோரும் சொல்லும் எட்டு டம்ளர் எங்கிருந்து வந்தது என்று தேடினால், 1945இல் அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்து வாரியம் நாளுக்கு 2.5 லிட்டர் என்று எழுதியதைக் காட்டுகிறார்கள். அதில் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே இருக்கிறது என்று அடுத்த வரியில் எழுதியிருந்தார்கள், அந்த வரியைத்தான் யாரும் கண்டுகொள்ளவில்லை. டீ, காபியில் உள்ள தண்ணீரும் கணக்கில் சேரும். வெயிலில் வேலை செய்பவருக்கும் நிழலில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே அளவு எப்படிப் பொருந்தும்?

தண்ணீர் குடித்தால் முகம் பளபளக்கும், உடம்பிலுள்ள நச்செல்லாம் போய்விடும் என்பதையெல்லாம் நான் நம்பவில்லை. ஆனால் கூடுதலாகக் குடிக்க ஆரம்பித்ததும் எனக்குப் பிற்பகலில் வரும் தலைவலி குறைந்தது, மலச்சிக்கல் போய்விட்டது. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் பெண்களுக்கும் கூடுதலாகக் குடிப்பது உதவும்.

என்னைவிட அம்மாவைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வயதாக ஆக தாகம் மங்கிவிடும், உடம்பு வறண்டாலும் தெரியாது. அம்மா ஒருநாள் நாற்காலியிலிருந்து எழுந்தவுடன் தலை சுற்றி அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார், பார்த்தால் நாக்கு காய்ந்து கிடந்தது. "தாகமே எடுக்கலையேடா" என்றார். விடாமல் கேட்டதும்தான் உண்மை வந்தது, முட்டி வலியோடு ராத்திரியில் பாத்ரூமுக்கு எழுந்துபோக பயந்து அவரே குடிப்பதைக் குறைத்திருக்கிறார். எத்தனை வீடுகளில் இப்படி நடக்கிறதோ!

ஒரேயடியாக லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் அளவு குறைந்துவிடும். இதயம் பலவீனமானவர்களும் சிறுநீரகம் செயலிழந்தவர்களும் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டவே கூடாது. அம்மாவுக்கு அந்தப் பிரச்சினை இல்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். இப்போது காலையிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிடுகிறோம், அப்புறம் மாத்திரைக்கு மட்டும். ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறார்.