வெளுத்த வால்

இன்று காலை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தின் எல்வா ஆற்றில், முழங்கால் அளவுத் தண்ணீரில், முட்டையிடக் கடலிலிருந்து திரும்பிய ஒரு பெண் சினூக் சால்மன் மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் கூழாங்கற்களை அடித்துக் குழி பறித்துக்கொண்டிருந்தது.

அந்த வாலின் ஓரம் தேய்ந்து, வெள்ளைத் துணிபோல் கிழிந்திருந்தது.

கடல்முகத்திலிருந்து சுமார் 8 கிலோமீட்டரில், மீன் ஏற வழியே வைக்காமல் 1913-இல் கட்டி முடித்த அணை, இதன் முன்னோரை ஏறத்தாழ நூறாண்டுகள் தடுத்தது. (மீன்வழி வேண்டும் என்று அன்றைய மாநிலச் சட்டமே சொன்னது!)

லோவர் எல்வா கிளல்லம் பழங்குடியினர் பல்லாண்டுகள் வலியுறுத்திய பின்னரே, 2011 முதல் 2014 வரை அந்த அணையும் அதற்கு மேலே இருந்த இன்னோர் அணையும் அகற்றப்பட்டன.

ஆனாலும் மீன்கள் உடனே பெருகிவிடவில்லை. தேங்கியிருந்த வண்டல் ஆற்றைக் கலக்கியது, மீன்பிடித் தடை நீண்டது, பொரிப்பகத்தில் (மீன்முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்கும் இடம்) வளர்த்த குஞ்சுகளை ஆற்றில் விடுவது காட்டு மீனுக்குக் கேடா என்று வழக்கும் நடந்தது.

நான் கிளம்பும்போது, அது சற்று மேலே நகர்ந்து, முட்டைகளை மூடக் கற்களைத் தள்ளிக்கொண்டிருந்தது.