ட்ரெய்லர் டயர் ஒரு பக்கமாகத் தேய்கிறதா? அலைன்மென்டுக்கு முன் ஷாக்கிளைப் பாருங்கள்

காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு வண்டியான ட்ராவல் ட்ரெய்லரின் டயர் உள்பக்கம் மட்டும் மொட்டையாகிவிட்டது என்று சொன்னால் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் இரண்டுதான். "சைனா டயர், கழற்றி வீசு" என்பது ஒன்று. "அலைன்மென்ட் பண்ணு", அதாவது சக்கரக் கோணத்தைச் சரிசெய் என்பது இன்னொன்று. முதலாவதைக் கேட்டால் புது டயரும் அதே இடத்தில் தேயும். இரண்டாவது சில சமயம் பலிக்கும். பல சமயம் அடுத்த கோடையில் மறுபடி அதே டயர், அதே ஓரம். காரணம் கோணத்தில் இல்லாமல், அந்தக் கோணத்தைப் பிடித்து வைத்திருக்கும் சில்லறைச் சாமான்களில் இருக்கும்.

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்கா, கனடா சாலைகளில் ஓடும் வழக்கமான அமைப்புக்கு: அடுத்தடுத்து இரண்டு ஆக்ஸில், பட்டை ஸ்பிரிங், இரண்டு ஸ்பிரிங்குக்கும் நடுவே பாரத்தைப் பங்கிடும் ஈக்வலைசர், ஸ்பிரிங்கை அதோடு இணைக்கும் ஷாக்கிள் தகடுகள். ஏர்ஸ்ட்ரீம் போன்ற ட்ரெய்லர்களில் இருக்கும், ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பரின் முறுக்கில் இயங்கும் டார்ஷன் ஆக்ஸிலுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு, அது பின்னால் வரும்.

காரின் முன்சக்கரத்தில் டை ராட் என்ற திருகு தண்டு இருக்கிறது. திருகினால் டோ, அதாவது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, மாறும். ட்ரெய்லரில் திருகுவதற்கு ஒன்றுமே கிடையாது. ஒரு இரும்புக் குழாய், இரு முனையிலும் பற்றவைத்த ஸ்பிண்டில் (சக்கரம் சுழலும் தண்டு), அவ்வளவுதான். குழாய் எப்படி வளைந்திருக்கிறது, ஸ்பிண்டில் நேராக இருக்கிறதா, ஸ்பிரிங்கும் அதை ஃபிரேமில் தொங்கவிடும் ஹேங்கரும் அந்தக் குழாயை ஃபிரேமுக்கு அடியில் எந்த இடத்தில் நிறுத்தியிருக்கின்றன: சக்கரத்தின் கோணம் இந்த மூன்றில் அடங்கிவிடும்.

முதலில் டயரிடம் விசாரணை. கழற்றும் முன் சாக்பீஸால் "இடது முன்", "வலது பின்" என்று எழுதிவிடுங்கள். தேய்மானம் தெரிந்ததுமே டயர்களை இடம் மாற்றிப் போடுவது பலர் செய்யும் தப்பு, தடயமே அழிந்துவிடும். ஆழமானியை வைத்து உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று அளவு. சக்கரச் சுற்றில் நான்கு இடங்களில். ஒரு டயருக்கு 12 எண்கள். அலுப்பான வேலைதான், ஆனால் பாதி நோய் இங்கேயே தெரிந்துவிடும்.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நின்றால் காற்று குறைவு, அல்லது அந்தக் காற்றுக்கு மேல் பாரம். இங்கே அலைன்மென்ட் பேச்சே வேண்டாம். சுற்றில் அங்கங்கே குழி விழுந்திருந்தால் பேலன்ஸ் இல்லாத சக்கரம் அல்லது தளர்ந்த பேரிங். ஒரே இடத்தில் தட்டையாக இருந்தால் பிரேக் இறுகிச் சக்கரம் உரசியிருக்கிறது.

ஒரு ஓரம் மட்டும் தேய்ந்த கேஸ்தான் நம்முடையது. அதில் எத்தனை டயர், எந்த டயர் என்பது முக்கியம். ஒரே ஆக்ஸிலின் இரண்டு டயரும் உள் ஓரத்தில் தேய்ந்திருந்தால், பாரத்தில் குழாய் கீழ்நோக்கித் தொய்ந்து சக்கரங்களின் மேல்பகுதி உள்ளே சாய்ந்திருக்கலாம். நான்கு டயருமே உள் ஓரம் என்றால் சந்தேகமே வேண்டாம், எடை போடப் போங்கள். நான்கில் ஒன்று மட்டும் என்றால் அந்தப் பக்க ஸ்பிண்டில் வளைந்திருக்கக்கூடும். நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கியதோ பெரிய பள்ளமோ காரணம். ஒரே ஆக்ஸிலில் ஒரு டயர் உள் ஓரமும் எதிர் டயர் வெளி ஓரமும் தேய்ந்திருந்தால் ஆக்ஸில் கோணலாக உட்கார்ந்திருக்கிறது.

டோ கோளாறைக் கண்ணைவிடக் கை நன்றாகக் கண்டுபிடிக்கும். டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்காகத் தேய்த்துப் பாருங்கள். வெளியிலிருந்து உள்ளே போகும்போது வழுக்கி, உள்ளிருந்து வெளியே வரும்போது ரம்பம் போலக் கீறினால் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கிறது, அதுதான் டோ-இன். நேர்மாறாக இருந்தால் டோ-அவுட். (எஃகுக் கம்பி வெளியே தெரியும் டயரில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம், கை கிழியும்.)

டோ கொஞ்சம் விலகினால் என்ன ஆகிவிடும்? ட்ரெய்லருக்கென்றே செய்யும் எஸ்டி 225/75 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 28 அங்குலம். இரு சக்கரமும் சேர்ந்து 1/8 அங்குலம் டோ இருந்தால், ஒரு சக்கரத்தின் பங்கு 1/16. அந்தக் கோணத்தில் ஒரு மைல் ஓடினால் டயர் கிட்டத்தட்ட 12 அடி பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே போகிறது. ஆயிரம் மைலுக்குக் கணக்கு போட்டால் இரண்டு மைலுக்கு மேல் டயரைத் தார்ச்சாலையில் குறுக்கே இழுத்த மாதிரி.

அடுத்தது காற்றும் எடையும். காற்று டயர் சூடேறும் முன் பார்க்க வேண்டியது. அந்த எஸ்டி 225/75 ஆர்15 டயரில் லோட் ரேஞ்ச் (பாரம் தாங்கும் வகுப்பு) டி என்றால் 65 பி.எஸ்.ஐ.யில் 2,540 பவுண்டு தாங்கும். லோட் ரேஞ்ச் ஈ என்றால் 80 பி.எஸ்.ஐ.யில் 2,830. ஈ டயரை வாங்கி மாட்டிவிட்டு 50 வைத்து ஓட்டினால் கூடுதல் காசு கொடுத்தது வீண்.

எடையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 3,500 பவுண்டு ஆக்ஸில் இரண்டு இருந்தால் தாங்குவது 7,000. ஆனால் வண்டியின் மொத்த எடை வரம்பு அதற்கும் மேலே எழுதியிருக்கும். மீதி எடை கொக்கி வழியாக இழுவை வண்டி மேல் போகிறது என்பது கம்பெனிக் கணக்கு. காகிதத்தில் சரிதான். சாமான்களைப் பின்புறம் அடுக்கினால் கொக்கி எடை குறைந்து, அந்த மீதியும் ஆக்ஸில் தலையில் விழும். 40 காலன் தண்ணீர் தொட்டியை நிரப்பினாலே சுமார் 334 பவுண்டு. சமையலறையும் ஸ்லைட்-அவுட்டும் (வெளியே நீளும் அறைப்பகுதி) ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பக்கச் சக்கரங்கள் மட்டும் வரம்பைத் தாண்டும், மொத்த எடை சரியாக இருக்கும்போதே. ட்ரக் ஸ்டாப்பில் உள்ள கேட் ஸ்கேல் என்ற எடைமேடை ஆக்ஸில்களின் மொத்த எடையைச் சொல்லும். இடது வலது வித்தியாசத்தைச் சொல்லாது. அதற்குச் சக்கரம் சக்கரமாக எடை போட வேண்டும். ட்ரெய்லர் பயணிகளின் எஸ்கேப்பீஸ் கிளப் டெக்சாஸின் லிவிங்ஸ்டனில் நடத்தும் ஸ்மார்ட்வெய் எடைச் சேவை அந்த வகை. பயணத்துக்குக் கிளம்பும் கோலத்தில், தண்ணீர், கேஸ், சாமான் எல்லாவற்றோடும் எடை போடுங்கள். காலி வண்டியை எடை போட்டு என்ன பிரயோஜனம்?

இனி ஷாக்கிள். இதைப் பார்க்காமல் அலைன்மென்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஸ்பிரிங்கின் கண்ணிலும் ஈக்வலைசரிலும் தொழிற்சாலை போடுவது பெரும்பாலும் நைலான் புஷ், அதாவது போல்ட்டைச் சுற்றிய உறை. கிரீஸ் வழி கிடையாது. அது தேய்ந்து தீர்ந்ததும் போல்ட் நேராக எஃகுக் கண்ணை அரிக்க ஆரம்பிக்கும். ஷாக்கிள் தகட்டின் வட்டத் துளை முட்டை வடிவமாகும். ஹேங்கர் துளையும் அப்படியே. ஒவ்வொரு மூட்டிலும் சிறிது ஆட்டம். கூட்டிப் பார்த்தால் ஆக்ஸில் ஒரு பக்கம் முன்னேயும் மறுபக்கம் பின்னேயும் நகர இடம் இருக்கிறது. இந்த நிலையில் வண்டியை லேசர் மெஷினில் நிறுத்தினால் அது காட்டும் எண் அன்றைக்கு, அந்தத் தரையில், கடைசியாகத் திரும்பிய திருப்பத்துக்கு உரியது. முற்றத்தை விட்டு வெளியே வந்ததும் மாறிவிடும்.

சோதிக்க, ஃபிரேமுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து விடுவித்து, ஃபிரேமைத் தாங்கிகளில் உட்கார வையுங்கள். ஆக்ஸில் குழாயின் நடுவில் ஜாக்கி கொடுக்கவே கூடாது; குழாய் வளைவதற்கு அதுவே ஒரு காரணம். நீளமான கடப்பாரையை ஸ்பிரிங் கண்ணுக்கும் ஹேங்கருக்கும் நடுவில் விட்டு நெம்புங்கள். போல்ட் துளைக்குள் துள்ளினால் புஷ் போய்விட்டது. ஒரு போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் இன்னும் தெளிவு: நடுவில் இடுப்பு ஒடுங்கியது போலப் பள்ளம் விழுந்திருக்கும். அதே நேரத்தில் டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள். தளர்ந்த பேரிங் பொய்யான கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே வெளியே சாயும் கோணம்) காட்டும்.

மாற்றுவதென்றால் வெண்கலப் புஷ், கிரீஸ் நிப்பிள் உள்ள போல்ட், அரை அங்குலத் தடிமன் ஷாக்கிள் தகடு கொண்ட கிட் வாங்குங்கள். இதில் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. போல்ட்டின் தலைக்கு அடியில் பல் வரி இருக்கும். அது தகட்டில் கடித்து நிற்பதற்காக. இம்பாக்ட் ரெஞ்சைத் தலையில் வைத்துச் சுற்றினால் அந்தப் பற்கள் புதுத் தகட்டின் துளையைக் குடைந்துவிடும். சுத்தியலால் தட்டி உட்கார வைத்து, நட்டை மட்டும் சுற்றுங்கள். ஷாக்கிள் நட்டை முறுக்கி இறுக்கவும் கூடாது, மூட்டு தாராளமாக அசைய வேண்டும். போல்ட்டில் உள்ள கிரீஸ் துளை, கடிகார முள்ளில் 3 அல்லது 9 மணிப் பக்கம் பார்க்கட்டும். பாரம் அழுத்தும் பக்கம் பார்த்தால் கிரீஸ் வெளியே வராது. கிரீஸ் அடிப்பதும் சக்கரம் தூக்கிய நிலையில்தான்.

அப்படியே ஹேங்கர் வெல்டிங்கைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய துருக்கோடு தெரிந்தால் விரிசல். இரண்டு ஆக்ஸில் வண்டி குறுகிய திருப்பத்தில் திரும்பும்போது முன் டயர்கள் ஒரு பக்கமும் பின் டயர்கள் எதிர்ப்பக்கமும் இழுபடும். அந்த முறுக்கு முழுக்க ஹேங்கர் மேல் விழுகிறது. நெட்டையான ஹேங்கருக்குக் குறுக்குச் சட்டம் இல்லையென்றால் போடுவது நல்லது. ஸ்பிரிங்கின் சென்டர் போல்ட் தலை, ஆக்ஸிலில் உள்ள இருக்கையின் துளைக்குள் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்க்கவும். அது முறிந்தால் யூ போல்ட் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் ஆக்ஸில் நழுவும்.

இவையெல்லாம் சரி என்றால்தான் அளவெடுப்பு. இதற்குக் கடை தேவையில்லை; கொத்தனாரிடம் இருக்கும் தூக்குக்குண்டு, ஸ்டீல் டேப், சாக்பீஸ் போதும். சமமான கான்கிரீட் தரையில் வண்டியை நேராக 20, 30 அடி முன்னோக்கி இழுத்து நிறுத்துங்கள். ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினால் டயர்கள் முறுக்கோடு நிற்கும், எல்லா எண்ணும் பொய். கப்ளரின் (இழுவை வண்டியோடு பூட்டும் முனை) நடுவிலிருந்து குண்டு விட்டுத் தரையில் ஒரு புள்ளி. முன் ஆக்ஸிலின் இரு முனையிலும் ஹப் மூடியின் மையத்திலிருந்து ஒவ்வொரு புள்ளி. கப்ளர் புள்ளியிலிருந்து இந்த இரண்டுக்கும் உள்ள தூர வித்தியாசம் 1/8 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். பிறகு பின் ஆக்ஸிலுக்கும் புள்ளி வைத்து, முன் ஹப்புக்கும் பின் ஹப்புக்கும் இடையே இடது பக்கத் தூரம், வலது பக்கத் தூரம். இங்கே 1/16 அங்குலத்துக்கு மேல் விலகக் கூடாது. டேப்பை ஒரே ஆள் ஒரே இழுப்பில் பிடிக்கட்டும்.

இரண்டில் எதற்கு அதிகம் பயப்பட வேண்டும் என்றால், இரண்டாவதற்கு. இரண்டு ஆக்ஸிலும் ஒரே அளவு கோணலாக, ஆனால் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் ட்ரெய்லர் கொஞ்சம் நண்டு நடை நடக்கும். டயர் பெரிதாகத் தேயாது. ஆக்ஸில்கள் ஒன்றோடொன்று இணையாக இல்லாவிட்டால் இரண்டும் வேறு வேறு திசைக்கு இழுத்து மல்லுக்கட்டும். அந்தச் சண்டையில் தேய்வது டயர்.

டோ பார்க்க, சக்கரத்தைத் தூக்கி டயரின் நடுவில் சாக்பீஸ் பூசிச் சுற்றிவிட்டு, அசையாத கட்டையில் அடித்த ஆணி முனையால் மெல்லிய கோடு கீறுங்கள். இறக்கி, மறுபடி நேராக இழுத்து நிறுத்தி, ஹப் உயரத்தில் டயரின் முன்பக்கக் கோடுகளுக்கு இடையே ஓர் அளவு, பின்பக்கக் கோடுகளுக்கு இடையே ஓர் அளவு. அடியில் தொட்டியோ சட்டமோ தடுத்தால் கோட்டிலிருந்து குண்டு விட்டுத் தரையில் புள்ளி வைத்து அளக்கலாம். கேம்பருக்கு ரிம்மின் மேல் கீழ் விளிம்பைத் தொடும்படி நேர்ச்சட்டம் வைத்து டிஜிட்டல் கோணமானி. தரைச் சரிவைக் கழிக்க மறக்க வேண்டாம்.

புது ஆக்ஸில் குழாய் நேராக இருக்காது என்பது பலருக்குத் தெரியாது. நடுப்பகுதி மேல்நோக்கி லேசாக வளைந்திருக்கும். பாரம் ஏறினால் நேராகும்படி. ட்ரெய்லரை உயர்த்த வேண்டும் என்று ஆக்ஸிலை அப்படியே தலைகீழாகப் புரட்டி மாட்டிவிடுகிறார்கள். வளைவு கீழே போய், முதல் பயணத்திலேயே உள் ஓரம் தேய ஆரம்பிக்கும். உயர்த்துவதானால் குழாயைத் திருப்பாமல், அதன் மேற்பக்கத்தில் புது ஸ்பிரிங் இருக்கையைப் பற்றவைக்க வேண்டும்.

வளைந்த ஆக்ஸிலை ட்ரக் ஃபிரேம், ஆக்ஸில் வேலை செய்யும் கடைகளில் குறுக்கே உத்திரம் வைத்து, சங்கிலி மாட்டி, ஹைட்ராலிக் ஜாக்கியால் சூடாக்காமல் அப்படியே வளைத்து நிமிர்த்துவார்கள். கேஸ் டார்ச் எடுத்துச் சூடாக்கினால் வண்டியைத் திருப்பி எடுத்து வந்துவிடுங்கள். சூடேறிய குழாய் பலம் இழந்து மறுபடி அதே இடத்தில் தொய்யும். எடை வரம்பு தாண்டித்தான் வளைந்தது என்றால் நிமிர்த்துவதும் தற்காலிகம். சாமானைக் குறைக்க வேண்டும், அல்லது ஸ்பிரிங், பிரேக், சக்கரம் எல்லாம் பொருந்தும்படி பெரிய ஆக்ஸில். இணை தவறியதற்கு ஹேங்கரை வெட்டி நகர்த்திப் பற்றவைப்பார்கள்; அல்லது துளையில் மையம் விலகிய வட்டத் தகடு வைத்துச் சரிசெய்யும் கிட் போடலாம்.

டார்ஷன் ஆக்ஸிலில் ஷாக்கிளும் கிடையாது, ஈக்வலைசரும் கிடையாது. அதனால் ட்ரெய்லரின் மூக்கு தூக்கி நின்றால் பின் ஆக்ஸில் பாரத்தை முன்னதோடு பங்கிட வழியில்லை. பின் டயர்கள் மட்டும் தேய்ந்தால் முதலில் கொக்கி உயரத்தைச் சரிசெய்து வண்டியை மட்டமாக நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வயதாகி, பாரத்தில் சக்கரத்தைத் தாங்கும் ஆக்ஸில் கைகள் மட்டத்துக்கு மேல் ஏறி நின்றால் மாற்றுவதுதான் வழி.

சக்கரத்தை மாட்டியபின் அரை அங்குல ஸ்டட்டுக்கு நட்டின் இறுக்கம் (டார்க்) 90 முதல் 120 அடி-பவுண்டு. 10, 25, 50 மைலில் மறுபடி டார்க் பாருங்கள். ஆயிரம் மைல் ஓடியதும் அதே 12 எண்களை மறுபடி எடுத்துப் பழைய தாளோடு வைத்துப் பாருங்கள். ஓரமும் நடுவும் ஒரே அளவில் குறைந்திருந்தால், அதன்பிறகு டயர்களை இடம் மாற்றிக்கொள்ளலாம்.