திருட்டு வழக்கில் நட்டஈடு கேட்டு வாங்கிய கதை

இலங்கையில் அட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கடைவீதியில் தையற்கடை வைத்திருக்கிறேன். 2024 தீபாவளிக்கு முந்திய வாரம், கடையின் பின்பக்கத் தகரத்தைப் பெயர்த்து உள்ளே புகுந்தவர்கள் துணியின் ஓரம் அடிக்கும் ஓவர்லொக் இயந்திரத்தையும், இன்னொரு இயந்திரத்தின் மோட்டாரையும், தைத்துத் தொங்கவிட்டிருந்த சட்டைகளையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பெரிய கத்தரிக்கோல் மட்டும் மேசையில் கிடந்தது. அதை ஏன் விட்டுவைத்தார்கள் என்று இன்றுவரை விளங்கவில்லை.

பொலிசில் முறைப்பாடு எழுதிய அதிகாரி “பழைய தையல் மெஷின்” என்று ஒரே வரியில் முடிக்கப் பார்த்தார். நான் விடவில்லை. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக, அதன் பெறுமதியோடு எழுதச் சொன்னேன். சிங்களத்தில் எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வைத்தேன். பின்னால் வழக்கில் பேசியது அந்தத் தாள்தான். ஓவர்லொக்கைக் கண்டியில் ஒருவரிடம் அவர் பாவித்த பழையதாக வாங்கியிருந்ததால் பற்றுச்சீட்டு இல்லை. விற்றவரையே தேடிப் பிடித்து, இயந்திரத்தின் தகட்டு இலக்கத்தையும் விலையையும் குறித்துக் கடிதம் வாங்கினேன். துணி கொடுத்திருந்த பெண்களும் ஆளுக்கொரு தாளில் என்ன துணி, என்ன விலை என்று எழுதித் தந்தார்கள். ஏசுவார்கள் என்று பயந்திருந்தேன். ஒருவர் தேநீரும் போட்டுத் தந்தார்.

பிடிபட்டவன் அடுத்த தோட்டத்துப் பையன். மோட்டார் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. ஓவர்லொக் எங்கோ கைமாறிப் போய்விட்டது. மோட்டாரைச் சான்றுப்பொருளாக வைத்துக்கொண்டார்கள். வழக்கு முடியும்வரை அது அறையில் கிடந்து துருப்பிடிக்க வேண்டியதில்லை: நீதவானிடம் விண்ணப்பித்து, விற்கமாட்டேன், கேட்கும்போது கொண்டுவந்து காட்டுவேன் என்று பிணைமுறி எழுதிக் கொடுத்து எடுத்துக்கொண்டேன்.

நட்டஈடு விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் இப்படிப்பட்ட வழக்கை நடத்துவது பொலிஸ். பொருளைப் பறிகொடுத்தவர் அங்கே வெறும் சாட்சி. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், குற்றத்தை ஒப்புக்கொண்டால் சாட்சியே தேவைப்படாது; அன்றைக்கே தீர்ப்பு வந்துவிடும். தண்டப்பணம் விதித்தாலும் அது அரசாங்கத்துக்குப் போகும், நமக்கு ஒரு சதமும் வராது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும்படி குற்றவாளிக்கு உத்தரவிட மன்றுக்கு அதிகாரம் தருகிறது. தவணை முறையில் கட்டவும் விடலாம். ஆனால் அது மன்று விரும்பினால் செய்யக்கூடியது. நமது இழப்பு இவ்வளவு என்று யாராவது எடுத்துச் சொன்னால்தானே நீதவானுக்குத் தெரியும்?

அதனால் ஒவ்வொரு வழக்குத் திகதிக்கும் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். “சாட்சிக்கு இன்றைக்கு வேலை இல்லை, போங்கள்” என்று வாசலில் ஒருவர் சொல்வார். போகமாட்டேன். எனக்காகப் பேச ஒரு சட்டத்தரணியையும் வைத்துக்கொண்டேன். காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் போய்க் கேட்கலாம். 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே உரிமைகளைச் சொல்கிறது. அதைக் காட்டிப் பேசினால் பொலிசிலும் கொஞ்சம் நின்று கேட்கிறார்கள்.

பையன் கூண்டில் ஏறி ஒப்புக்கொண்ட நாளில் மன்றில் எல்லாம் சிங்களத்தில் ஓடியது. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரான முதலியார் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார், ஆனால் அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். தண்டனைக்குப் போகும் முன் என் சட்டத்தரணி எழுந்து பெறுமதிப் பட்டியலையும் கடிதங்களையும் கொடுத்தார். ஓவர்லொக்குக்கும் துணிகளுக்குமாக 1,20,000 ரூபாய் கேட்டிருந்தோம். தீபாவளி வருமானம் போனதற்குக் கேட்டதை நீதவான் ஏற்கவில்லை. அதற்குக் கணக்குப் புத்தகம் வேண்டுமாம். ஒத்திவைத்த சிறைத்தண்டனை, தண்டப்பணம், எனக்கு 90,000 ரூபாய் நட்டஈடு, அதை மாதத் தவணையில் நீதிமன்றத்தில் கட்டவேண்டும் என்று தீர்ப்பு. மிச்சத்துக்குச் சிவில் வழக்குப் போடலாம் என்றார் சட்டத்தரணி. அந்த வழக்குக்கு ஆகும் செலவில் இன்னொரு ஓவர்லொக் வாங்கலாம்.

பணத்தைக் கட்ட வருவது பையனின் தாய். கொழுந்து பறிக்கிறவர், 2025இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. நீதிமன்றப் பதிவகத்து வரிசையில் முதல்முறை கண்டபோது என் முகத்தைப் பார்க்காமல் ரூபாய்த் தாள்களை இரண்டு தடவை எண்ணினார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. விட்டுக்கொடுக்கும் எண்ணம் மட்டும் வரவில்லை. துணி பறிகொடுத்தவர்களும் சம்பளக்காரர்கள்தான், அவர்களுக்கு என் கையிலிருந்து திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடையாள அட்டையையும் வழக்கிலக்கத்தையும் காட்டிப் பதிவகத்தில் பணத்தை எடுத்துக்கொள்கிறேன். மழைக்காலத்தில் ஒரு தவணை தவறியது. சட்டத்தரணி மூலம் மன்றுக்குத் தெரிவித்தேன். பையனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், அடுத்த மாதம் இரண்டையும் சேர்த்துக் கட்டினான். இன்னும் மூன்று தவணை பாக்கி.