தையற்கடையில் இருபது நிமிடம்

2020 தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் பத்து நாள் புத்தகப்பை இல்லாமல் தச்சர், குயவர், தோட்டக்காரர் போன்றவர்களிடம் போய்ப் பழகட்டும் என்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் பெரியவர்கள் வேலை செய்வதைக் கண்கொட்டாமல் பார்க்கிற வயது ஐந்து. அவ்வளவு நாள் ஏன் காத்திருக்க வேண்டும்?

ஐந்து வயதுப் பிள்ளைகளை அழைத்துப்போகத் தெருமுனைத் தையற்கடையிலிருந்து தொடங்கலாம். ஒரு தடவைக்கு ஆறு பிள்ளைகள், கூட இரண்டு பெரியவர்கள், இருபது நிமிடம். தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரங்களும் பள்ளிச் சீருடை தைக்கிற ஜூன் மாதமும் வேண்டாம். டெய்லருக்குத் தலைநிமிர நேரம் இருக்காது.

முதல் நாளே அவரிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: "பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்ண்ணே, உங்க வேலையைச் செய்யுங்க, போதும்." இதைச் சொல்லாவிட்டால் பெரும்பாலும் அவர் வேலையை நிறுத்திவிட்டு "நல்லாப் படிக்கணும்" என்று அறிவுரை சொல்லி, மிட்டாய் கொடுத்து அனுப்பிவிடுவார். தைக்கிற கையைப் பிள்ளைகள் பார்க்கவே மாட்டார்கள்.

ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே பொருளைப் பார்ப்பது முக்கியம். சட்டை சரிவராது, நேரம் பிடிக்கும். 12 அங்குல அகலம், 24 அங்குல நீளத்தில் ஒரு காடாத் துணி கொண்டுபோங்கள். பையின் வாயாக வரும் 12 அங்குல ஓரங்கள் இரண்டையும் மடித்துத் தைத்து, துணியைப் பாதியாக மடித்து, இரு பக்கமும் தையல் அடித்து, நாடா வைத்தால் பை. அடி நூல் சுற்றியிருக்கும் பாபினைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அடி நூல் எங்கிருந்து வருகிறது என்பது பிள்ளைகளுக்குப் பெரிய புதிர். தையல் கோணினால் அவர்கள் கண்முன்னாலேயே பிரித்துத் தைக்கட்டும். கை தேர்ந்தவரும் பிரித்துத் தைப்பார் என்பதை இங்கேதான் பார்க்க முடியும். என் கணக்கில் இருபது நிமிடத்தில் இதுதான் உயர்ந்த பங்கு.

மெஷினின் பெல்ட்டிலும் சக்கரத்திலும் விரல் மாட்டும். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, பிள்ளைகளை அதற்கு இந்தப் பக்கம் நிறுத்துங்கள். அயர்ன் பாக்ஸ் சூடாக வேண்டாம். துணியை நீவி விடுவது, டேப்பின் ஒரு முனையைப் பிடிப்பது, இவ்வளவுதான் அவர்கள் வேலை. பார்ப்பதற்குத்தான் போகிறோம், உழைக்க அல்ல.

திரும்பியதும் பழைய டேப், சாக்பீஸ், செய்தித்தாள், மழுங்கின கத்தரி ஆகியவற்றை ஒரு மூலையில் வையுங்கள். ஒரு வாரம் தையற்கடை விளையாட்டு ஓடும். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. விளையாட்டு அடங்கியபின் அதே கடைக்கு மறுபடியும் போங்கள். இந்தத் தடவை காஜா (பட்டன் துளை) எடுப்பதையும் பட்டன் தைப்பதையும் காட்டச் சொல்லலாம்.