கிராண்ட் போர்ட்டேஜ்: எட்டு மூட்டை

ஆகஸ்ட் 8, வெள்ளி
அமெரிக்கால மினசோட்டா மாநிலம், கிராண்ட் போர்ட்டேஜ்ல இருக்கற பழைய தோல் வியாபாரக் கோட்டையப் பாக்கக் கிளம்பினோம். டுலூத்ல இருந்து ஹைவே 61, வலது கைப்பக்கம் வழி பூரா சுப்பீரியர் ஏரி. எதிர்க்கரையே தெரியல, இத எப்படி ஏரின்னு சொல்றாங்களோ. கனடா பார்டருக்கு கொஞ்சம் முன்னாடி ரூம். தூக்கம்.

ஆகஸ்ட் 9, சனி
கோட்டைன்னதும் கல்லு, அகழி, பீரங்கின்னு நெனச்சுட்டுப் போனா, சீடர் மரத்த வரிசையா நட்ட வேலி, உள்ள பெரிய ஹால், சமையக்கட்டு, அவ்வளவுதான். அதுவும் திரும்பக் கட்டினது, ஹால் 1969ல இடி விழுந்து எரிஞ்சு மறுபடி கட்டினதாம்.

மான்ட்ரியல்ல இருந்து தோல் வியாபாரம் பண்ணின நார்த் வெஸ்ட் கம்பெனிக்கு ஜூலை ஆனா இங்கதான் சந்தை. மான்ட்ரியல்ல இருந்து துணி, கெட்டில், துப்பாக்கி, ரம் எல்லாம் 36 அடி கேனூல, அதாவது துடுப்புப் படகுல வரும், காட்டுக்குள்ள குளிர்காலம் கழிச்சவங்க பீவர் தோலோட வருவாங்க, மாத்திக்கிட்டு பனி உறையறதுக்குள்ள அவங்கவங்க வழில திரும்பணும். எல்லாம் ஐரோப்பாக்காரன் தொப்பிக்கு! தோல்ல அடில இருக்கற மெத்து முடிதான் வேணுமாம்.

கேனூ ஷெட்ல பிர்ச் பட்டைய ஸ்ப்ரூஸ் வேரால தச்சு, தையல் மேல கருப்பா பிசின் அப்பியிருந்தாங்க. விரல் வச்சேன், ஒட்டிக்கிச்சு, சாயங்காலம் வரைக்கும் போகல.

தூக்கிப் பாக்க ஒரு மூட்டை இருந்துச்சு. 90 பவுண்டு, அதாவது 41 கிலோ. முழங்கால் தாண்டல, "அப்பா விட்ருங்க"ன்னா பொண்ணு. அந்தக் காலத்து கேனூக்காரங்க நெத்தில வார் மாட்டி ரெண்டு மூட்டை தூக்குவாங்களாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
ஏரில இருந்து காட்டுக்குள்ள போக வழியான பிஜன் ஆத்துல கீழ்ப்பக்கம் அருவியும் பாறையும், படகு போகாது, அதனால 8.5 மைல் சுமந்துதான் ஆகணும். ஆளுக்கு எட்டு மூட்டை கணக்கு. ரெண்டு ரெண்டா போனா போக நாலு நடை, வெறுங்கையோட வர மூணுன்னு பொண்ணு கணக்குப் போட்டா, கிட்டத்தட்ட 60 மைல். நாங்க தண்ணி பாட்டிலோட பாதை நடுவுல குறுக்க வர்ற பழைய ஹைவே 61 கிட்ட இருந்து மிச்ச பாதி தூரம்தான் நடந்தோம், அதுக்கே கொசு பிச்சு எடுத்துருச்சு.

இந்தப் பாதை கம்பெனி போட்டது இல்ல. இங்கத்த பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்கள் வச்ச பேரு கிச்சி ஒனிகமிங், பெரிய சுமைப்பாதை. பார்டர் போட்டதுல இந்த இடம் அமெரிக்கா பக்கம் விழுந்ததால கம்பெனி 1803ல கனடா பக்கம், பின்னாடி வில்லியம் கோட்டைன்னு பேரான இடத்துக்கு மூட்டையக் கட்டிருச்சு, ஒஜிப்வே மக்கள் இங்கயேதான் இருக்காங்க, இந்தக் கோட்டையும் பாதையும் இருக்கற பார்க்குக்கு நிலம் குடுத்ததும் இவங்கதான்.

பாதை முடியற எடத்துல சார்லட் கோட்டைன்னு போர்டு. கோட்டை இல்ல, மரமும் ஆறும்தான். பிஸ்கட் சாப்ட்டோம், திரும்பினோம்.