குறைந்தது விலையா, வேகமா?

2023 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள் பயிற்சி நடத்தினேன். வந்திருந்தவர்கள் பிராந்தியச் செய்தியாளர்கள். அனேகருக்கு மாதச் சம்பளம் இல்லை. அச்சாகும் செய்திக்குத்தான் காசு. போராட்டம், வழக்கு, காணி என்று எதையும் எழுதுவார்கள். மத்திய வங்கி அறிக்கை என்றால் மட்டும் "அது கொழும்புக்காரற்றை வேலை" என்று தள்ளி வைத்துவிடுவார்கள்.

பலகையில் ஒரு தலைப்பை எழுதினேன்: 'பணவீக்கம் 1.3 சதவீதமாகச் சரிவு'. ஒரு வருடத்தில் விலைகள் எத்தனை சதவீதம் ஏறின என்று சொல்லும், அந்தச் செப்டெம்பர் மாத எண் அது. முந்தைய வருடம் அதே மாதத்தில் 69.8.

"அப்ப சாமான் விலை குறைஞ்சிட்டுதுதானே, அக்கா?" என்று கேட்டான் முன்வரிசைப் பொடியன்.

"தம்பி, நீ கடைக்கே போறேல்லையோ?" என்று பின்னாலிருந்து ஒரு மூத்தவர் கேட்க, எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

கணக்குப் போட்டோம். 2021 செப்டெம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான்கள் ஒரு வருடத்தில் ஏறக்குறைய 170 ஆகி, அடுத்த வருடம் 172க்கு வந்திருந்தன. "மரத்திலை ஏறினவன் இறங்கேல்லை, ஏறுறதைத்தான் நிப்பாட்டியிருக்கிறான்" என்றார் மூத்தவர். எனது அரைமணி நேர விளக்கத்தை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். அந்த எண்ணைக் கணக்கிட்ட சுட்டெண்ணின் முழுப்பெயர் 'கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்'. பெயரிலேயே கொழும்பு இருந்தும், அது யாழ்ப்பாணத்துச் சந்தையை அளக்கவில்லை என்பது அங்கே பலருக்கு அன்றுதான் உறைத்தது. நாடளாவிய சுட்டெண் மூன்று வாரம் பிந்தி வரும். அப்போது அதைத் தலைப்பாக்க ஆளிருக்காது.

பிற்பகல் அவர்களை யாழ்ப்பாணத்து மீனவர் பகுதியான குருநகருக்கு அனுப்பினேன். 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியது. அதைப் பற்றி ஒரு தங்கச்சி எழுதிக்கொண்டு வந்தாள்: நாளுக்கு 20 லீற்றர் அடிக்கும் படகுக்கு 1,740 ரூபாயாக இருந்த செலவு 6,800 ஆனது. அமைச்சர் சொன்னார், சங்கத் தலைவர் கண்டித்தார் என்ற வழக்கமான வரிகள் ஒன்றுகூட இல்லை. நல்ல செய்தி. ஆனாலும் கேட்டேன்: "87க்கு விற்றபோது நட்டத்தை ஆர் சுமந்தது?" அடக்க விலைக்கும் கீழே விற்றதன் நட்டம் அரச கூட்டுத்தாபனத்தின் தலையிலும், கடைசியில் வரி கட்டுபவர் தலையிலும் விழுந்தது. அதையும் எழுதச் சொன்னேன்.

"எழுதுறன் அக்கா. ஆனா காரோட்டினவைக்கு எத்தினை வருசம் எண்ணெயை மலிவாக் குடுத்தவை? அதையும் எழுதட்டோ?"

எழுது என்றேன். பொருளாதாரச் செய்தி அரசியற் செய்தியாகும் இடத்தை அவள் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள். செய்திக்குக் கூலி வாங்குபவளுக்கு இப்படி ஒரு நாளை ஒதுக்கக் கட்டுப்படியாகுமா என்பதற்கு மட்டும் என்னிடம் பதில் இருக்கவில்லை.

அடுத்த தைமாதம் வவுனியாவில் தொடர் பயிற்சி. வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 18 ஆகியிருந்த நேரம். 'வற் 3 சதவீதத்தால் உயர்வு' என்று பயிற்சித் தாளில் நானே அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். அதே மூத்தவர் தாளைத் தூக்கிப் பிடித்தார்.

"பிள்ளை, இது 3 சதவீதப் புள்ளியெல்லோ? 15க்கு 3 கூடினால் வரி 20 சதவீதம் ஏறியிருக்கு."

தாள்களைத் திரும்ப வாங்கி, ஒவ்வொன்றாகப் பேனாவால் திருத்தினேன். அவரும் பக்கத்தில் இருந்து திருத்தித் தந்தார்.